மாதப்பன் விழுந்தால் யாரும் சிரிப்பதில்லை

மாதப்பனுக்குச் சிரிப்பு வர பெரிய வேடிக்கையெல்லாம் வேண்டாம். யாராவது வழுக்கி விழுந்தால் போதும். விழுகிற ஆள் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தால் இன்னும் விசேஷம். செல்போனில் யாரையோ அதட்டிக்கொண்டே வந்து விழுந்தார் என்றால், அன்றைக்கு மாதப்பனுக்கு மத்தியானச் சாப்பாடே தேவைப்படாது.

மைசூரில் தேவராஜ மொஹல்லாவில் ஒரு சந்து. இரண்டு பக்கமும் வாழைக்காய் மண்டிகள், நடுவே இலைக்கட்டோடு உட்கார்ந்திருக்கும் பெண்கள். வாழைத்தாரிலிருந்து வடிகிற பாலும், இலை கழுவுகிற தண்ணீரும், நாலு பேர் மிதித்த பழத்தோலும் சேர்ந்து அங்கே கல் தரைக்கு ஒரு பளபளப்பு வந்திருந்தது. புதிதாக வருகிறவர்கள் கட்டாயம் விழுவார்கள். பழகினவர்கள் வாரத்துக்கு ஒரு தடவை விழுவார்கள். மாதப்பன் அங்கே இருபத்தாறு வருஷமாக ஹமாலி. லாரியிலிருந்து தாரைத் தலையில் வாங்கி மண்டிக்குள் கொண்டுபோய் இறக்குவது பிழைப்பு. விழுகிறவர்களைப் பார்ப்பது உபரி வருமானம்.

அந்தச் சந்துக்கு ஒரு சட்டம் உண்டு. யார் போட்டது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. விழுந்தவர், சந்தில் இருக்கிற எல்லோருக்கும் டீ வாங்கித் தரவேண்டும். டீ வந்து குடித்து முடிப்பதற்குள் மாதப்பன் அந்த விழுகையை அப்படியே நடித்துக் காட்டவேண்டும். விழுந்தவரும் நின்று பார்க்கவேண்டும். மண்டிக்காரர், சுமைக்காரர், இலைக்காரி என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. ஒரு தடவை வரி வசூலிக்க வந்த அதிகாரி ஒருவர் விழுந்து, கோபமாக எழுந்து, என்ன ஏதென்று புரியாமலே பதினாறு டீக்குக் காசு கொடுத்துவிட்டுப் போனார். அவர் கோப்பு முதலில் பறந்ததா, செருப்பு முதலில் பறந்ததா என்பதை மாதப்பன் மட்டும்தான் சரியாகப் பார்த்திருந்தான். அந்த நடிப்புக்கு அன்று சந்தே விழுந்து விழுந்து சிரித்தது.

சின்ன வயதிலிருந்தே இந்தப் புத்திதான். ஹனூர்ப் பக்கம் ராமாபுரத்தில் பிறந்தவன். அப்பாவின் பாடையைத் தூக்கிப் போகும்போது முன்னால் போன சித்தப்பா வரப்பில் சறுக்கி வாய்க்காலில் உட்கார்ந்துவிட்டார். கொள்ளிச்சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு மாதப்பன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். பின்னால் வந்தவர்கள் பிள்ளை தாங்க முடியாமல் அழுகிறான் என்று நினைத்தார்கள். முகத்தைப் பார்த்த பெரியம்மா மட்டும் கன்னத்தில் ஒன்று விட்டாள். நீங்கள் இருந்திருந்தாலும் சிரித்திருப்பீர்கள். இல்லை என்று சத்தியம் செய்யாதீர்கள், யாரும் நம்பமாட்டார்கள். அடுத்தவன் சறுக்கினதும் நமக்கு உள்ளே என்னவோ ஒன்று ‘அப்பாடா, நானில்லை’ என்று மூச்சு விடுகிறது. அந்த மூச்சுதான் வாய் வழியாகச் சிரிப்பாக வருகிறது.

மாதப்பன் நடித்ததிலேயே பேர்போனது கெம்பம்மாவின் விழுகை. கெம்பம்மா இலை விற்கிறவள். எட்டு வருஷத்துக்கு முந்தி ஓர் ஆயுத பூஜைக்கு முதல் நாள், தலையில் இலைக்கட்டோடு வந்தவள் சறுக்கினாள். கட்டு அவிழ்ந்து இலையெல்லாம் அவள் மேலேயே விரிந்துவிட்டது. இலைக்குவியலுக்குள் ஆளே காணோம். ஒரு கை மட்டும் வெளியே தூக்கிக்கொண்டு நின்றது. அவளும் சிரித்தாள், சட்டப்படி டீயும் வாங்கிக் கொடுத்தாள். அதன்பிறகு ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் சந்தில் பொரிகடலை கொடுத்து முடிந்ததும், ‘கெம்பக்கா ஐட்டம்’ என்று கேட்பார்கள். மாதப்பன் இலைக்குள் மறைந்து ஒரு கையை மட்டும் தூக்குவான். அந்தக் கை வெளியே வருகிற இடத்தில் சிரிக்காத ஆள் கிடையாது. கெம்பம்மா மட்டும் அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சிரிக்கத் தெரியாத பொம்பளை என்று மாதப்பன் அதை அதிகம் பொருட்படுத்தவில்லை.

போன வருஷம் மாதப்பனுக்கே சோதனை வந்தது. செருப்புக் கடித்த இடத்தில் சின்னக் கொப்புளம். உடம்பில் சக்கரை எவ்வளவு இருந்ததென்று அதுவரை பார்த்ததில்லை. கொப்புளம் கறுத்தது, கறுப்பு ஏறியது, பெரியாஸ்பத்திரியில் வலது காலில் சுண்டுவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்துவிட்டார்கள். மூன்று மாதம் வீட்டில் கிடந்தான். கடைசியில் டாக்டர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, புண் நன்றாக ஆறிவிட்டது, மெத்தென்ற செருப்புப் போட்டுக்கொள், தினமும் பாதத்தைப் பார், சின்னத் தார் தூக்கலாம், பெரிசு வேண்டாம் என்றார். மாதப்பனுக்கு வாயெல்லாம் பல். மறுநாளே சும்மாட்டுத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான்.

சந்துக்குள் நுழைந்து பத்தடி வைக்கவில்லை. விரல் இல்லாத காலுக்குத் தரைக் கணக்கு புதுசு. சறுக்கி, ஒரு சுற்றுச் சுற்றி, கெட்டுப்போன பழம் கொட்டுகிற கூடைக்குள் சரியாகப் போய் உட்கார்ந்தான். விழும்போதே அவனுக்குத் தெரிந்தது, இது சாதாரண விழுகை இல்லை. இருபத்தாறு வருஷத்தில் பார்க்காத அழகான விழுகை. கூடைக்குள் இருந்தபடியே கையைத் தூக்கி, எல்லோருக்கும் டீ என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. தமிழ் பேசுகிறவர்கள் ‘ஐயோ பாவம்’ என்றார்கள், கன்னடம் பேசுகிறவர்கள் ‘ஐயோ பாப’ என்றார்கள். ஒருவன் சோடா கொண்டுவந்தான். இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, குழந்தையைப் போல் நிற்கவைத்து, பின்பக்கத்தைத் தட்டிவிட்டார்கள். டீ வந்தது. உன் காசில் வேண்டாம் அண்ணா, நீயே மருந்து மாத்திரைக்குக் கஷ்டப்படுகிறாய் என்று ஒருவரும் டம்ளரைத் தொடவில்லை. பதினான்கு டம்ளரில் ஆடை படிந்து டீ ஆறிப்போனது. மாதப்பனுக்கு ஆஸ்பத்திரியில் விரல் போனபோதுகூட அப்படி வலிக்கவில்லை.

அதற்கப்புறம் அவனை ஒரு தாரையும் தொட விடவில்லை. புதன்கிழமை, சுமைக்காரர்களின் மேஸ்திரி லிங்கப்பன் வந்து தோளில் கை போட்டான். நல்ல மனுஷன். அந்தக் கையின் பாரத்தை மாதப்பனால் தாங்க முடியவில்லை.

“மாதண்ணா, திங்கக்கிழமையிலிருந்து மண்டி வாசல்ல சேர் போட்டுடறோம். உக்காந்துக்க. யாரு வர்றாங்க, யாரு போறாங்கன்னு பாத்துக்கிட்டாப் போதும். கூலியில உன் பங்கு உனக்கு வந்துடும்” என்றான்.

அந்தச் சேர் மாதப்பனுக்குத் தெரியும். நீலக் கலர் பிளாஸ்டிக் சேர். அவன் பார்க்க அதில் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். முதல் ஆளுக்கு மூட்டு போய்விட்டது, இரண்டாவது ஆளுக்குக் கண். இரண்டு பேருக்கும் பங்கு ஒழுங்காகப் போனது, பண்டிகைக்குப் பழைய சட்டையும் போனது. ஆனால் சேரில் உட்கார்ந்த பிறகு அவர்களைப் பேர் சொல்லி யாராவது கூப்பிட்டதாக மாதப்பனுக்கு ஞாபகமில்லை. அவர்களோடு யாரும் சண்டை போடவில்லை, கிண்டல் செய்யவில்லை, வழியில் நிற்காதே என்று திட்டக்கூட இல்லை. ஒருநாள் வரவில்லை. எந்த நாள் என்று சந்தில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. மாதப்பனுக்கு வயது ஐம்பத்திரண்டுதான்.

சனிக்கிழமைவரை நேரம் இருக்கிறது. யோசித்தான். அவன் புத்தி எங்கே போகும்? தன்னைப் பார்த்து இவர்கள் ஒரே ஒரு தடவை சிரித்துவிட்டால் போதும், சேர் தானாகப் போய்விடும் என்று முடிவுகட்டினான். சேரில் உட்காருகிறவனைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. அதனால் சிரிப்பு வாங்கினவன் சேரில் உட்காரவேண்டியதில்லை. கணக்கு அவனுக்குச் சரியாகத்தான் பட்டது.

வியாழக்கிழமை வேண்டுமென்றே விழுந்தான். சும்மா சொல்லக்கூடாது, கைதேர்ந்த வேலை. மெத்தென்று இலைக்கழிவு குவிந்திருக்கிற இடமாகப் பார்த்து, தலையில் காலிக்கூடையோடு நடந்து, விழுந்ததும் கூடை முகத்தை மூடுகிற மாதிரி விழுந்தான். கூடைக்குள்ளிருந்து கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டான். விசும்பல் சத்தம் கேட்டது. கூடையை எடுப்பதற்குள் லிங்கப்பன் ஆட்டோ பிடித்துவிட்டான். வேண்டாம் வேண்டாம் என்று கத்தக் கத்த உள்ளே திணித்துப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அவசரப் பிரிவில் நர்ஸ், என்ன ஆச்சு என்று கேட்டாள். சும்மா விழுந்தேன் என்றான். எப்படி என்றாள். சும்மாதான் என்றான். அந்த அம்மா ஒரு சீட்டு எழுதி, தலைக்கு ஸ்கேன் எடுக்கச் சொன்னாள்.

வீட்டில் மனைவி லிங்கம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் ராகிக்களி கிண்டிக்கொண்டிருந்தவள், கரண்டியை அப்படியே நிறுத்தினாள்.

“ஏனுங்க, நல்லா நடக்கறேன்னு காட்டறதுக்கு உழுந்து காட்டுனீங்களாக்கும்?”

 அவள் தலையில் அடித்துக்கொண்டு களியை உருட்டிப் போட்டாள். உருண்டை வழக்கத்தைவிடச் சின்னதாக இருந்தது. சக்கரைக்காகவா கோபத்துக்காகவா என்று கேட்க அவனுக்குத் துணிச்சல் இல்லை.

வெள்ளிக்கிழமை வேறு வழி பார்த்தான். ஆஸ்பத்திரி முடிந்து வந்ததிலிருந்து தான் எப்படி நடக்கிறோம் என்று கவனித்து வைத்திருந்தான். வலது பக்கம் லேசாக ஒரு சாய்வு, பிறகு பாம்பை மிதித்தவன் போல ஒரு வெட்டு. டீ நேரத்தில் நடுச்சந்தில் நின்று தன் நடையைத் தானே நடித்துக் காட்டினான். வேறு யாருடைய நடையாக இருந்திருந்தாலும் சிரிப்பில் குடல் அறுந்திருக்கும். வாழைத்தாரை ஒற்றைக் கையால் தூக்குகிற ஒரு தடியன் சுவர்ப் பக்கம் திரும்பித் துண்டால் கண்ணைத் துடைத்தான். மாதப்பன் பாதியிலேயே நிறுத்திவிட்டான்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இவர்களுக்கெல்லாம் தன்மேல் பாசம். பாசம் இருக்கிறவரைக்கும் சிரிக்கமாட்டார்கள். தன்னைப் பிடிக்காத ஆள் ஒருவராவது வேண்டும். சந்தை மேலும் கீழும் பார்த்தான். அப்படிப்பட்ட தகுதி ஒரே ஒருத்திக்குத்தான் இருந்தது.

கெம்பம்மா கடை எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். நாரின் ஒரு முனையைப் பல்லில் கடித்து இழுத்து இலைக்கட்டைக் கட்டினாள். மாதப்பன் எதிரே குந்தி உட்கார்ந்து, நாளைக்குத் தான் விழப்போவதையும் அவள் சிரிக்கவேண்டியதையும் சொன்னான். அவள் ஒருத்தி ஆரம்பித்தால் மற்றவர்களும் சேர்ந்துகொள்வார்கள், அவளுக்குத்தான் தன்மேல் கோபம் இருக்கிறதே, சுலபமாக வரும் என்று நியாயம்வேறு எடுத்துச் சொன்னான்.

கெம்பம்மா நாரைப் பல்லிலிருந்து எடுத்தாள். எட்டு வருஷத்துக்கப்புறம் முதல் தடவையாக அவனைப் பார்த்துப் பேசினாள். அவள் தமிழில் கன்னடம் பாதி.

“அன்னைக்கு நான் ஏன் கையைத் தூக்கிட்டு இருந்தேன், கொத்தா நினக்கே? தெரியுமா உனக்கு?”

மாதப்பன் அவள் கையைப் பார்த்தான்.

“மணிக்கட்டு முறிஞ்சு போச்சு கணப்பா. கீழ வெச்சா உயிர் போற மாதிரி நோவு. அதுக்குத்தான் தூக்கிப் பிடிச்சேன்.”

“சொல்லியிருக்கலாமில்லக்கா” என்றான் மாதப்பன்.

“எல்லாரும் அவ்ளோ நல்லா சிரிச்சிட்டு இருந்தீங்க. நடுவுல எப்படிச் சொல்றது? நானும் சிரிச்சேன். டீ வாங்கிக் கொடுத்தேன். பஸ்ல ஏறினப்புறம் அழுதேன்.”

நாட்டுக் கட்டுப் போட்டிருக்கிறாள். எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. அந்தக் கைக்கு இறுக்கிக் கட்டுகிற பலம் போய்விட்டதால்தான் பல்லால் இழுக்கிறாள். இதையெல்லாம் அவள் குறையாகச் சொல்லவில்லை, கேட்டதால் சொன்னாள். அவள் நாரைப் பல்லால் கடிப்பதையும் மாதப்பன் போன ஆயுத பூஜைக்கு ஐட்டத்தில் சேர்த்திருந்தான். அதற்குத் தனியாகக் கைதட்டல் கிடைத்தது.

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது. நாளைக்கு விழுகிற விஷயத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனான். அன்று ராத்திரி களியைத் தொடவில்லை. லிங்கம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், ஜுரம் இல்லை. உங்களுக்கு நல்லதா ஒரு அடி விழுந்திருக்குது, எங்கேன்னுதான் தெரியல என்றாள்.

சனிக்கிழமை காலை லாரி தாமதமாக வந்தது. மறுநாள் முகூர்த்தம். மண்டிக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். சுமைக்காரர்களில் இரண்டு பேர் வரவில்லை. யாருக்கும் யாரையும் பார்க்க நேரமில்லை. மாதப்பன் சத்தமில்லாமல் வரிசையில் போய் நின்றான். லாரி மேலே இருந்தவன் ஆள் முகம் பார்க்காமல் ஒரு தாரைத் தலையில் இறக்கினான். நடுத்தரமான தார். கழுத்து அந்தக் கனத்தை உடனே அடையாளம் கண்டுகொண்டது.

நடந்தான். சுண்டுவிரல் இருந்த இடத்தில் குதிகாலை நம்பினான். இலைக்காரிகளைத் தாண்டினான், சந்தின் திருப்பத்தைத் தாண்டினான், மண்டிப் படி ஏறினான், தாரைப் பூப்போல இறக்கிவைத்தான். ஒரு காய்கூட உதிரவில்லை. யாராவது பார்த்தார்களா என்று திரும்பினான்.

அந்தத் திரும்புதலில்தான் போயிற்று. வெறுங்கையோடு, படியில் ஒட்டிக்கிடந்த ஒரு துண்டு இலையை மிதித்து, இரண்டு கையையும் சிறகாக விரித்து, ‘ஏ ஏ ஏ’ என்று தனக்குத்தானே எச்சரிக்கை கொடுத்துக்கொண்டே வந்து, கெம்பம்மா இலை கழுவுகிற பெரிய தொட்டிக்குள் தொப்பென்று உட்கார்ந்தான். தண்ணீர் நாலு பக்கமும் எழும்பி மண்டிக்காரரின் வெள்ளை வேட்டியை நனைத்தது. தொட்டியின் வாய்க்குள் இடுப்பு சிக்கிக்கொண்டது. முட்டி இரண்டும் காதுக்குப் பக்கத்தில் நின்றன. தலையில் ஒரு தலைவாழை இலை.

நான்கு பேர் ‘ஐயோ’ என்று ஓடிவந்தார்கள். ஒருவன் சோடாவுக்குப் போனான். லிங்கப்பன், ஆட்டோ ஆட்டோ என்று கத்தினான். யாரோ நீலச் சேரையே தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

“சும்னே நில்லுங்கப்பா” என்றாள் கெம்பம்மா.

எல்லோரும் நின்றார்கள். அவள் தொட்டிக்குப் பக்கத்தில் வந்து குனிந்து, அவன் முகத்தைப் பார்த்தாள். சத்தம் போடாமல், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

“எங்கயாவது நோவுதா?”

மாதப்பன் வாய் திறக்கப் போனவன், நிறுத்தினான். மணிக்கட்டை அசைத்துப் பார்த்தான். இடது காலை நீட்டி மடக்கினான். வலது பாதத்தை, மிச்சமிருக்கிற மூன்று விரலையும் அசைத்துப் பார்த்தான். அவசரப்படாமல் அவள் காத்திருந்தாள். இந்த ஒரு வாரத்தில் ஒருத்தரும் இதைக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. தூக்கி நிறுத்தியவன் கேட்கவில்லை, ஆட்டோவில் திணித்தவன் கேட்கவில்லை, அழுதவனும் கேட்கவில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த தானும் கேட்கவில்லை. சிரித்தவர்களும் பாவம் பார்த்தவர்களும் அதில் ஒன்றுதான்.

“எங்கயும் இல்லக்கா” என்றான்.

“நிஜமா?”

“சத்தியமா.”

கெம்பம்மா நிமிர்ந்தாள். இடுப்பில் கை வைத்து அவனை ஒரு தடவை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள், இலையிலிருந்து தொட்டிவரை. முதலில் அவள் மூக்கு நுனி துடித்தது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு ஒரு சிரிப்பு சிரித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு அந்தப் பொம்பளைக்குள் இருந்தது யாருக்கும் தெரியாது. மூச்சு வாங்க நிறுத்துவாள், தொட்டியைப் பார்ப்பாள், மறுபடி ஆரம்பிப்பாள். கண்ணில் தண்ணீர் வழிய, பக்கத்து இலைக்காரியின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த இலைக்காரி தாங்கமாட்டாமல் வாயைப் பொத்தினாள். வேட்டி நனைந்த மண்டிக்காரர் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. லிங்கப்பன் மட்டும், பாவம்டா, சிரிக்காதீங்கடா என்று அதட்டிக்கொண்டிருந்தான். அதட்டிக்கொண்டிருக்கும்போதே அவனுக்கும் பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை கண்ணைத் துடைத்த தடியன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். சேரைத் தூக்கி வந்தவன் அதைப் போட்டு அதில் தானே சாய்ந்து சிரித்தான்.

தொட்டிக்குள் மாதப்பனும் சிரித்தான். கன்னத்தில் வழிந்ததில் தொட்டித் தண்ணீர் எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று அவனுக்கே தெரியவில்லை. இரண்டு பேர் கை கொடுக்க வந்தார்கள். கெம்பம்மா அவர்களை விலக்கிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“இன்னும் எவ்ளோ நேரம் ஊறப்போற? லாரி பாதி லோடோட நிக்குது. எந்திரிடா” என்றாள்.

மாதப்பன் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். வேட்டியைப் பிழிந்தான். லாரியைப் பார்த்து நடந்தான், வழியில் யாரும் அவனைத் தடுக்கவில்லை.